மூக்கு லாரிக்கு வைப்பர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது நீடாமங்கலத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வண்டியைக் கொண்டுவருகிறார்கள் என்றால், வேலை சுத்தமாக இருக்கும் என்பதால்தான். சவூதியில், தம்மாமில் ஏழு வருஷம் டிரெய்லர்களுக்கு ஒயரிங் பார்த்துவிட்டு வந்து, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஃபாஜில் கை வைத்த வண்டி அதே கோளாறுக்குத் திரும்பி வராது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப் போயிருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐப்பசி முதல் வாரம். காலை பத்து மணிக்கே வானம் கறுத்துக் கிடந்தது. நடராசன் மாமாவின் மூக்கு லாரி கடை வாசலில் வந்து நின்றது. அறுபதுகளில் வந்த வண்டி. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மாமா அதை இருபது வருஷத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்து, சினிமா ஷூட்டிங்குக்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை வந்தால் போதும், உள்ளும் புறமும் ஒரு கை பெயின்ட் அடித்துவிடுவார். அது நெல் ஏற்றி நான் பார்த்ததே இல்லை.

ஓட்டி வந்தது அவருடைய மகள் விஜயலட்சுமி. மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். டிராக்டரில் பழகிய கை. இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். கோரையாற்றங்கரையில் அவள் குத்தகைக்கு எடுத்துச் செய்த மூன்று ஏக்கர் குறுவை நெல், எண்பது மூட்டை, ரோட்டோரம் கிடக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை நனைந்து, நாலு நாள் தார் ரோட்டில் பரப்பிக் காலால் துழாவித் துழாவிக் காயவைத்த நெல். இன்னொரு தடவை நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீரப்போகிறது. இன்றைக்கு நாலு மணிக்குள் வருகிற நெல்லோடு சரி, அப்புறம் எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அறுவடை நேரத்தில் லாரியோ டிராக்டரோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா நிற்கிற வண்டி இது ஒன்றுதான். ஆனால் வைப்பர் இல்லை.

“மழையில ஆத்தங்கரையில ஓட்டணும்ண்ணே. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயலு. கண்ணாடி தெரியலன்னா நேரா தண்ணிதான்,” என்றாள்.

கூட வந்திருந்த மாமா ஒரு சாக்குப் பையைக் கவிழ்த்தார், இரண்டு வைப்பர் மோட்டார் விழுந்தது. ஒன்று, வண்டியோடு வந்த பழைய மோட்டார். துருவேறி இறுகிப்போயிருந்தது. இன்னொன்று, பட்டுக்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் அவர் பொறுக்கியது. எந்த வண்டியில் கழற்றியதோ, பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. ஐந்து ஒயர்கள் தொங்கின. வெயிலில் வெளுத்து எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன.

இந்த மாதிரி ஊர் பேர் தெரியாத சாமானை ஆராய்வதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஸ்டூலில் வைத்து, பல்பை இடையில் கோத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். பல்பு இடையில் இருந்தால் தப்பான ஒயரில் தொட்டாலும் மோட்டார் கருகாது. இரண்டு ஒயர்களில் மோட்டார் சுற்றியது. ஒன்றில் மெதுவாக, ஒன்றில் வேகமாக. இன்னும் இரண்டு, சுவிட்சை அணைத்தபின் வைப்பரைக் கீழே கொண்டுவந்து படுக்க வைப்பதற்கு. அதற்கெல்லாம் இன்று நேரமில்லை என்று டேப் சுற்றி ஒதுக்கினேன். ஐந்தாவது ஒயர் மோட்டாரின் உடம்போடு சேர்ந்தது. அதாவது உடம்புக்கு ஒரு முனை, மெதுவான ஒயருக்கு ஒரு முனை கொடுத்தால் வேலை முடிந்தது. பன்னிரண்டு வோல்ட்டில் ஒரே சீராகச் சுற்றியது. இருபது நிமிஷத்தில் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

பிறகு வண்டிக்குள் தலையை விட்டேன். பழைய ஒயர்கள் துணி சுற்றியவை, தொட்டால் உதிர்ந்தன. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பாடியில் கடிக்கவிட்டு, சாவிக்குப் போகிற ஒயரில் ஊசியைக் குத்தினேன். லேம்ப் எரிந்தது. பாடி எர்த், அதாவது பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேர்ந்தது; ஒயரில் கரன்ட். பதினெட்டு வருஷமாக எந்த வண்டியிலும் இப்படித்தான் பார்க்கிறேன்.

“மீட்டர் வச்சுப் பாக்கலையாண்ணே?” என்று விஜயலட்சுமி கேட்டாள்.

“லேம்ப்புதான் எரியுதுல்ல, அப்புறம் எதுக்கு மீட்டரு? நான் ஒங்க வயலுக்கு வந்து நாத்தப் பத்தி ஏதாவது பேசுறேனா?”

அவள் வானத்தைப் பார்ப்பதும் செல்போனில் மணியைப் பார்ப்பதுமாக நின்றாள்.

பழைய ஒயரை நம்பாமல் சீட்டுக்கு அடியில் இருக்கிற பேட்டரியிலிருந்தே புதிதாக இரண்டு ஒயர் இழுத்தேன். பிளஸ்ஸிலிருந்து சிவப்பு, ஒரு ஃபியூஸும் சுவிட்சும் வைத்து மெதுவான ஒயருக்கு. மோட்டார் ரப்பர் புஷ் மேல் உட்காருவதால் அதற்குப் பாடியிலிருந்து எர்த் கிடைக்காது. அதனால் மைனஸிலிருந்து கறுப்பு ஒயரை மோட்டாரின் உடம்புக்கே கொண்டுபோனேன். அவசரத்தில் பேட்டரிப் பக்கம் வெறும் கிளிப்தான் போட்டேன். கறுப்பு ஒயருக்கு ஃபியூஸ் வைக்கவில்லை, எர்த்துக்கு யார் ஃபியூஸ் வைப்பார்கள். மோட்டாரிலிருந்து வைப்பருக்குப் போகிற தண்டு நீளம் ஒத்துவரவில்லை. நைலான் புஷ் போட்டு ஒட்டுப் போட்டேன். சுவிட்சைத் தட்டினால் இரண்டு வைப்பரும் கண்ணாடியில் அழகாக ஆடின. மாமா கைதட்டாத குறை. பன்னிரண்டரைக்கு லாரி கிளம்பிக் கேட்டைத் தாண்டிப் போனது.

கடையைக் கூட்டிவிட்டுச் சாப்பிட உட்காரலாம் என்று பார்த்தால், பழைய மோட்டார் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. காயில் சுற்றி வைக்கச் சொல்லி மாமா விட்டுப்போயிருந்தார். அதையும் பார்த்துவிடுவோமே என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பன்னிரண்டு வோல்ட் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அதற்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் எர்த் என்று இருந்தது.

கூட்டல் குறி, எர்த். இரண்டு தடவை படித்தேன். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கையால் தொட்டதில்லை. டெஸ்ட் லேம்ப்புக்கு எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று என்ன தெரியும்? எப்படிக் கொடுத்தாலும் எரியும். அப்படியென்றால் அந்த லாரியின் இரும்பு மொத்தமும் பிளஸ். நடுவில் என் மோட்டாரின் உடம்பு மட்டும் மைனஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது நாலு ரப்பர் புஷ்ஷும், ஒரு நைலான் புஷ்ஷும், மாமா அடித்த பெயின்ட்டும்தான். ஒரு குழியில் இறங்கி மோட்டார் எங்காவது இரும்பில் பட்டால் பேட்டரி மொத்தமும் அந்தக் கறுப்பு ஒயரில் பாயும். ஃபியூஸும் இல்லை. ஒயர் சீட்டுக்கு அடியில், அவள் காலுக்குப் பக்கத்தில் போகிறது.

விஜயலட்சுமிக்குப் போன் போட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. மாமாவின் போனைப் பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்கா எடுத்து, அது வீட்டிலேயே சார்ஜில் கிடக்கிறது என்றது. டூல் பையை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துக் கிளப்பினேன். கேட் மூடியிருந்தது.

மூடினால் லேசில் திறக்காத எங்கள் ஊர்க் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கூட்ஸ் ரயில் உள்ளே வந்து நின்றது. எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோனார்கள். முதல் தூறல் விழுந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரோட்டை வண்டிகளின் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே மறுபடி மறுபடி போன் போட்டேன். யா அல்லாஹ், நெல் போனாலும் போகட்டும், ஆட்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது; அவளுடைய நெல்லைத் தாராளமாக விட்டுக்கொடுக்க நான் யார்? இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கேட் தூக்கியபோது மழை வலுத்துவிட்டது.

ஆற்றங்கரை ரோட்டில் மூன்றாவது மைலில் லாரி நின்றுகொண்டிருந்தது. தார்ப்பாய் கட்டிய எண்பது மூட்டையோடு, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. ரப்பர் கருகிய நாற்றம் மழையையும் மீறி வந்தது. இடது பக்கம் ஆறு கரை தொட ஓடியது. முன் சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கலாம்.

விஜயலட்சுமி கீழே நின்று வலது கையை மழையில் நீட்டிப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் குறுக்கே ஒயரின் தடம் வெள்ளையாக விழுந்து, இரண்டு பக்கமும் கொப்பளித்திருந்தது. சீட்டுக்கு அடியில் புகை வந்ததும் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, பழுக்கக் காய்ந்த ஒயரை வெறும் கையால் பிடுங்கி எறிந்திருக்கிறாள். கிளிப் போட்டிருந்ததால் இழுத்ததும் வந்துவிட்டது. என் சோம்பேறித்தனம் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

நடராசன் மாமா கொஞ்சம் தள்ளி நனைந்துகொண்டு நின்றார். கையில் நாலாக மடித்த ஒரு தகரத் துண்டு. மோட்டார் ரப்பர் மேல் கடகடவென்று ஆடிச் சத்தம் போட்டதாம். வண்டியில் சத்தம் வந்தால் சந்தில் எதையாவது செருகுவது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். தீப்பெட்டி அட்டையோ, டியூப் துண்டோ, தகரமோ கைக்குக் கிடைத்ததைச் செருகுவார்கள். மாமாவுக்குத் தகரம் கிடைத்தது. மோட்டாருக்கும் டேஷ் போர்டுக்கும் நடுவில் தட்டி இறக்கியிருக்கிறார். இறக்கிய இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது.

“சும்மா இருந்த மோட்டார்ல கொண்டுபோய்த் தகரத்தச் செருகியிருக்காருண்ணே. கை சும்மா இருக்குமா இவருக்கு?” என்றாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது அவள் குரல்.

மாமா தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒழுங்காக ஒயரிங் செய்த வண்டியில் தகரம் இல்லை, கடப்பாரையையே செருகினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு முன்னால் பழி தயாராக, நாலாக மடித்து, ஒரு கிழவர் கையில் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பதினோரு வருஷத்துப் பெயரும் அப்படியே இருக்கும். முதலில் வேலையைப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன்.

மணி இரண்டே கால். கறுப்பு ஒயர் உருகிப்போயிருந்தது. வேறு ஒயர் பையில் இல்லை, ஓடி வந்த வேகத்தில் எடுக்கவில்லை. சிவப்பு மட்டும் நன்றாக இருந்தது. கொஞ்சம் யோசித்தபோதுதான் வேறு ஒயரே வேண்டாம் என்று புரிந்தது. இந்த வண்டியில் பாடி பிளஸ். மோட்டாரின் உடம்பைப் பாடியோடு சேர்த்துவிட்டால் ஒரு முனை முடிந்தது. சிவப்பு ஒயரைப் பிளஸ்ஸில் கழற்றி மைனஸில் மாட்டினால் மறுமுனையும் முடிந்தது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், கொஞ்சம் சோர்வாகச் சுற்றும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது காந்தம் என்பதால் தாங்கும். இந்தத் தடவை டூல் பையில் கிடந்த மீட்டரை எடுத்து முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். தகடு சொன்னது சரி.

பாடியில் பெயின்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் பளபளவென்று சுரண்டினேன். இப்போது மோட்டாருக்கும் பாடிக்கும் நடுவில் இறுக்கமாக ஓர் இரும்பு வேண்டும். இறங்கிப் போய் மாமாவிடம் கையை நீட்டினேன்.

“அதையே திரும்ப வக்கிறியா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமா மாமா.”

அவர் தகரத்தை நீட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். தகரத்தைத் தட்டி இறக்கிச் சுவிட்சைப் போட்டேன். வைப்பர்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு அசைந்தன. மெதுவாகத்தான் போயின, ஆனால் துடைத்தன.

விஜயலட்சுமியால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. மாமாவுக்குக் கண் சரியில்லை. என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. என் வண்டியைக் கரையோரம் ஒரு வேப்ப மரத்தடியில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மற்றவன் வண்டிக்கு ஒயர் மாட்டிவிட்டு, ‘போங்க’ என்று அனுப்புவது சுலபம். அந்த ஒயரை நம்பி நாமே ஆற்றங்கரையில் ஓட்டும்போதுதான் தெரிகிறது. மழை வாளியில் மொண்டு ஊற்றியது. ஒவ்வொரு துடைப்புக்கும் நடுவில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகும், அந்த நேரம் ரோடு எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டு ஓட்டுவேன், அடுத்த துடைப்பில் ரோடு வரும். ஒரு வளைவில் துடைப்பு வந்தபோது கண்ணாடிக்கு நேரே ஆறு இருந்தது. ஒடித்துத் திருப்பினேன். பின்னால் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப உட்கார்ந்தன. மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

மூச்சு வந்ததும் விஜயலட்சுமி திரும்ப அப்பாவைத் திட்ட ஆரம்பித்தாள். கை வலி ஒரு பக்கம், நாலு மணி ஒரு பக்கம். ஏழு வருஷம் முன்னால் எதையோ நோண்டி எரித்த மோட்டார் பம்பு வரை இழுத்தாள். இந்த ஓட்டை வண்டியைத் தீபாவளிக்குள் இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டும் என்றாள். போட்டுவிடலாம்மா என்றார் மாமா. எங்கள் இருவருக்கும் நடுவில், நெரிசலில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஈரத் தோள் என் தோளில் உரசிக்கொண்டே வந்தது. நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். இதுவரை நான் செய்த எந்த வேலையும் என்னை அவ்வளவு கேவலமாக உணரவைத்ததில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கொள்முதல் நிலையத்துக்குள் நுழைந்தோம். ஷெட்டுக்கு அடியில் வண்டியை விட்டதும் தார்ப்பாயைப் பிரித்தார்கள். மேல் மூட்டையில் கையை விட்டு நெல்லை அள்ளி, ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் போட்டார் கிளார்க். பதினேழுக்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விஜயலட்சுமி வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்தாள். பதினாறு புள்ளி ஒன்பது. கிளார்க் தலையை ஆட்டினார். அவள் அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மூட்டை இறக்க வந்த காத்தாயி அக்காதான் கையைப் பார்த்துப் பதறிக் கேட்டது, என்னடி இது என்று. அப்பா பண்ணின வேலை என்றாள் விஜயலட்சுமி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கிண்டலாக ஏதோ சொன்னான். மாமா சிரித்தார். ஆமாம், நம்ம கை அப்படி என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“தப்பு அவரு மேல இல்ல,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “எம் மேலதான். இந்த வண்டியில பாடிதான் பிளஸ். நான் பாக்காம தலைகீழா மாட்டிட்டேன். தகரம் வக்காட்டியும் இன்னம் ரெண்டு பள்ளத்துல எரிஞ்சிருக்கும். கடையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் பின்னாலயே ஓடியாந்தேன். கரையிலயே சொல்லியிருக்கணும். சொல்லல.”

மழை ஷெட்டுத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்தார், பிறகு லாரியைப் பார்த்தார்.

“அப்ப வண்டியில கோளாறு இல்ல?” என்றார்.

“இல்ல மாமா.”

விஜயலட்சுமி என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து அப்பாவிடம் போனாள். கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காலையிலேருந்து எதுனா சாப்ட்டீங்களாப்பா?” என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். அவள் மழையிலேயே இறங்கி எதிர்க்கடைக்குப் போய், இடது கை விரல்களில் இரண்டு டீ கிளாஸைக் கோத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தளும்பாமல் நடக்கப் பார்த்தாள், தளும்பியது. ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். மாமா வாங்கிக்கொண்டு, ஃபாஜிலுக்கு வாங்கலையாம்மா என்று மெல்லக் கேட்டார்.

“அவரே போய் வாங்கிக்கட்டும்ப்பா. அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு.”

என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.